ஒரு மங்குஸ்தான் உரிக்கும் நேரம்

வேட்டி இன்னும் காயவில்லை.

புதன்கிழமை துவைத்துப் போட்டது. இன்று சனி. வெயில் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது. நான் கொடியை முற்றத்துக்கு மாற்றுவதற்குள் சாரல் வந்துவிடுகிறது. குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். தெரு முழுக்க வெளியூர் வண்டிகள். ஊருக்கெல்லாம் சீசன், எனக்கு ஈரத்துணி வாடை. சோப்பையும் நீலத்தையும் மீறி அடிக்கிற அந்தப் புழுங்கல் வாடையோடு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். வேட்டியின் ஒரு ஓரத்தில் ஊதாவும் பழுப்புமாக இருக்கிற மங்குஸ்தான் கறை மட்டும் எவ்வளவு கசக்கியும் போகவில்லை. நீ செய்த வேலை அது. செய்துவிட்டு, "கறையில்லாம ஒரு திரையாட்டி" என்று சிரிக்கவும் செய்தாய்.

உன் வீட்டுக்காரருடைய எட்டு முழ வேட்டி. ரத வீதியில் எலெக்ட்ரிக் கடைக்கு மேலே இருக்கிற நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இத்தனை வருடம் திரையாகத் தொங்கியது. துவைத்துத் தேய்த்து அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் கழற்றிக்கொண்டு வந்தேன். சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வகுப்பை மூடிவிடுவதாக இருந்தேன்.

கோபப்படாதே. எனக்கு அலுத்துப் போயிற்று. வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கத்துகிறேன். வீட்டுக்கு வந்தால் திருத்துவதற்கு விடைத்தாள் கட்டு காத்திருக்கிறது. ஞாயிறு ஒரு நாளாவது படுத்துக் கிடக்கலாம் என்றால், முழங்கால் வலியோடு அந்தச் செங்குத்துப் படியில் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். நீ இருந்தபோது அதை நீ தூக்குவாய், வயரை நான் கொண்டுவருவேன். இப்போது இரண்டுமே என் தலையில். பக்கத்து வீட்டில்கூடக் கேட்டார்கள், "போன்லயே எல்லா இங்கிலீசும் வருதே டீச்சர், இதுக்கு எதுக்கு மாடியேறிக்கிட்டு?" என்று. உன்னைக் கேட்டிருந்தால் ஒரு வாரத்துக்குச் சண்டை பிடித்திருப்பாய்.

சண்டை பிடிக்கத்தானே அந்த வகுப்பையே தொடங்கினாய். கல்லூரியில் ஒரே பெஞ்சில் படித்தோம். பிறகு நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், நீ தனியார் கல்லூரிக்குப் போனாய். ஒருநாள் சுரண்டை பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக என்னைப் பிடித்துக்கொண்டாய். "எழுதுதாங்க, படிக்காங்க, இங்கிலீஷ் பேப்பரை வரி விடாம வாசிக்காங்க. வாயைத் திறந்தா 'யெஸ் மேடம்'தான் வருது. இவங்களுக்கு இலக்கணம் போதும்ட்டி. எதுத்துப் பேசக் கத்துக் கொடுக்கணும்" என்றாய். தொடக்கநிலை ஆட்கள் நமக்கு வேண்டாம், நன்றாகத் தெரிந்தவர்களே வரட்டும் என்றும் சொன்னாய். அப்படித்தான் வந்தார்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி நேர்காணலுக்குத் தயாராகிற நர்ஸ்கள். ஏற்றுமதிக் கம்பெனிகளோடு போனில் பேச வேண்டிய புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர். பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில் வளர்வதால் வந்து சேர்ந்த குத்துக்கல்வலசைப் பட்டாளத்து அண்ணாச்சி.

முதல் வீடியோ ஞாபகமிருக்கிறதா? மேடையில் நின்று ஒரு வெள்ளைக்காரர் தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசுவார். நான்தான் தேடி எடுத்தேன். நல்ல உச்சரிப்பு, அழகான வாக்கியங்கள். ஓடி முடிந்ததும் கைதட்டினார்கள். "டிஸ்கஸ்" என்றாய் நீ. அண்ணாச்சி எழுந்து, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, அவர் சொன்னதையெல்லாம் சுருக்கி ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தார். மண்டிக்காரர் எழுந்து "ஐ அக்ரீ வித் சார்" என்றார். அடுத்தவரும் "ஐ அக்ரீ வித் சார்." கடைசிப் பெண் மட்டும் கொஞ்சம் கூடுதலாக, "நல்ல மெசேஜ் மேடம்" என்றாள். அவ்வளவுதான், விவாதம் முடிந்துவிட்டது. தப்பு அவர்கள் மேல் இல்லை. பெரியவர் ஒருவர் வாய் திறந்து ஒன்றைச் சொன்ன பிறகு, அதற்கு மேல் பேசுவது மரியாதை இல்லை என்று நம் வீடுகளில் நம்மையும் அப்படித்தானே வளர்த்திருக்கிறார்கள்.

கீழே டீக்கடையில் பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே யோசித்தாய். "அவங்க வீடியோ பாக்கலட்டி, பிரசங்கம் கேக்காங்க. எதைக் காட்டுனாலும் அதுல என்ன நீதின்னு தேடுதாங்க. மெசேஜே இல்லாத ஒரு வீடியோ வேணும்." அப்படி ஒரு வீடியோவை எங்கே போய்த் தேடுவது என்று நான் அலுத்துக்கொண்டேன். நீ என் பஜ்ஜியையும் எடுத்துத் தின்றாய்.

அந்த மாதமே உன் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு ஐந்தருவிக்குப் போன இடத்தில், உன் போனிலேயே அதை எடுத்துவந்தாய். பெண்கள் குளிக்கிற பக்கத்துக்கு வெளியே ஒரு ஆள் நிற்கிறார். நனையவே இல்லை, வாரிய தலை கலையவில்லை. ஒரு கையில் பெண்களுடைய ஒரு ஜோடிச் செருப்பு, மற்றக் கையில் ஒரு சிவப்புக் கைப்பை. சுற்றிலும் ஈரத்துணியோடு ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். அவர் அருவிப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று திடுக்கிட்டுப் பையைப் பார்க்கிறார். அருவி இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை போல, பையைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்க்கிறார். உள்ளே போன் அடிக்கிறது. மறுபடி அருவியைப் பார்க்கிறார். செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஜிப்பில் விரலை வைக்கிறார். பாதி இழுக்கிறார். அங்கே நிறுத்துவாய்.

நிறுத்திவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை நீ. ஜன்னல் கட்டையில் ஏறி உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு மங்குஸ்தானை எடுத்து உரிக்க ஆரம்பித்தாய். வேட்டித் திரையில் அந்த ஆளின் விரல் ஜிப்பில் அப்படியே நிற்கிறது. எல்லோரும் உன்னைப் பார்க்கிறார்கள், நீ பழத்தைப் பார்க்கிறாய். பின்னால் நின்ற எனக்குத்தான் நாக்கு துடித்தது. வகுப்பில் ஒரு கணம் சத்தமில்லாமல் போனாலும் நானே கேள்வி கேட்டு நானே பதிலும் சொல்லிவிடுகிறவள். வாயைத் திறந்தேன். நீ பழத்திலிருந்து கண்ணை எடுக்காமலே என் பக்கம் ஒரு விரலைக் காட்டினாய். மூடிக்கொண்டேன். தோலை அவ்வளவு நிதானமாக யாரும் உரித்து நான் பார்த்ததில்லை. உரித்து முடித்து, கையை எதில் துடைக்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் வேட்டி ஓரத்தில் துடைத்தாய்.

அப்போதுதான் மண்டிக்காரர் இருப்புக் கொள்ளாமல், "ஹி ஷுட் நாட் ஓப்பன்" என்றார். கேட்காமலே வந்த முதல் வாக்கியம் அது. அண்ணாச்சி உடனே எழப் போனார். நீ தடுத்தாய். இனிமேல் வயதில் சின்னவர்தான் முதலில் பேச வேண்டும், அண்ணாச்சி கடைசி என்றாய். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "மிலிட்டரியிலயே சீனியர்தான் மேடம் முதல்ல பேசுவாரு" என்றார் தமிழிலேயே. "இங்கன முதல்ல சண்டை நடக்கட்டும் அண்ணாச்சி, நீங்க கடைசியா வந்து ஜெயிங்க" என்றாய். அதற்கு அவர் சிரித்தார்.

அன்று நடந்ததை வகுப்பு என்று சொல்ல முடியாது. மனைவியின் பையைப் புருஷன் திறக்கலாமா என்பதில் தொடங்கியது. மண்டியில் ஊரையே அதட்டுகிற தன் அப்பா, அம்மாவின் பர்ஸில் சில்லறை வேண்டுமென்றால் அம்மாவைக் கூப்பிட்டுத்தான் எடுத்துத் தரச் சொல்வார் என்றார் மண்டிக்காரர். தன் வீட்டுக்காரர் திறக்கவும் மாட்டார், சும்மா இருக்கவும் மாட்டார், அடிக்கிற பையோடு அருவிக்குள்ளேயே வந்துவிடுவார் என்றாள் ஒரு நர்ஸ். அது மனைவியின் பைதான் என்று யார் சொன்னது என்று இன்னொருத்தி. கடைசியில் அண்ணாச்சி எழுந்து, போன் அடித்தால் எடுக்க வேண்டும், இதில் பேச என்ன இருக்கிறது என்று ஒரே போடாகப் போட்டார். ஒருவரும் அக்ரீ பண்ணவில்லை. எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது என்பது எனக்கே வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

பிறகு எவ்வளவோ வீடியோ எடுத்தாய். பஸ்ஸில் இடம் பிடிக்கக் கைக்குட்டை போடுகிறவர், கல்யாண வீட்டில் யாரோடும் பேசாமல் சாப்பிடுகிற ஒரு அம்மா. ஒன்றுக்கும் முடிவைக் காட்டமாட்டாய். "முடிவைக் காட்டுனா எல்லாரும் வீட்டுக்குப் போயிருவாங்கட்டி" என்பாய். அந்தச் சிவப்புப் பையின் முடிவை என்னிடமாவது சொல்லு என்று எத்தனையோ முறை கேட்டேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று என்னையே ஏய்த்தாய். உனக்கு உடம்பு முடியாமல் போன பிறகுதான், ஒருநாள் கட்டிலில் சாய்ந்தபடி சொன்னாய். "முடிவா? அதுக்குள்ள போன்ல மெமரி ஃபுல் ஆயிட்டுட்டி." எனக்குச் சிரிப்பும் வந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நடந்ததை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னை ஸ்கேன் எடுக்க உள்ளே கூட்டிப் போனார்கள். உன் கைப்பையையும் செருப்பையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய். நடையில் நின்றுகொண்டிருந்தேன். உன் பைக்குள் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். ஜிப்பில் விரலை வைத்தேன். அதற்கு மேல் என்னால் இழுக்க முடியவில்லை. நீ வெளியே வந்தபோது அப்படியே நின்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாய். அன்று நீ எவ்வளவு சோர்ந்து போயிருந்தாய் என்று எனக்குத் தெரியும், இருந்தும் உனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "என்னட்டி இது, ஐந்தருவி ஆளு மாதிரி நிக்கே? இத்தனை வருசம் பேசியும் ஒரு முடிவுக்கு வரலயா?" என்றாய். அடித்தது உன் வீட்டுக்காரர். ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார், பாவம்.

அதற்குப் பிறகு நீ அதிக நாள் இருக்கவில்லை. கடைசியாக நாம் பேசிய அன்று, "வகுப்ப மட்டும் விட்டுராதட்டி" என்றாய். நான் "பாப்போம்" என்றேன். சரி என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்கிற தெம்பு அன்று எனக்கு இல்லை.

நீ போன பிறகு வகுப்பை நடத்தத்தான் செய்தேன். நடத்தினேன் என்பதைவிட, பேசினேன். வீடியோவை நிறுத்துவேன், உடனே ஒரு கேள்வி கேட்பேன். அவர்கள் யோசிப்பதற்குள் ஒரு உதவிக் கேள்வி. அப்புறம் நானே ஒரு பதில். நான் சொன்னதை அவர்கள் எழுதிக்கொள்வார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அண்ணாச்சி மறுபடி முதலில் பேச ஆரம்பித்தார். "ஐ அக்ரீ வித் சார்" திரும்பி வந்தது. போன மாதம் "நல்ல மெசேஜ் மேடம்" என்ற குரலும் கேட்டது. வருகிறவர்களும் குறைந்தார்கள். இனி ஒப்பேற்றுவதில் அர்த்தமில்லை என்று தோன்றிவிட்டது. உன் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, வேட்டியை அடுத்த வாரம் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

போன ஞாயிறுதான் கடைசி வகுப்பு என்று வைத்திருந்தேன். கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு சின்னப் பேச்சும் மனதில் தயாராக இருந்தது. கடைசி வகுப்பு உன் வீடியோவாக இருக்கட்டும் என்று சிவப்புப் பையைப் போட்டேன். நீ போனதிலிருந்து அதைத் தொட்டதில்லை. புதியவர்கள் பலர் பார்த்ததே இல்லை. ஓடியது. காதில் வைத்தார், கக்கத்தில் இடுக்கினார், ஜிப்பில் விரல் வைத்தார். நிறுத்தினேன்.

கேள்வி கேட்க வேண்டும். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. திரையில் நிற்பது அந்த ஆள் இல்லை, ஆஸ்பத்திரி நடையில் நிற்கிற நான். காலும் வலித்தது. ஜன்னல் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது, பேசாமல் இருந்தேன். நீ சாமர்த்தியமாகச் செய்ததை நான் அசதியில் செய்தேன். கையில் பழம்கூட இல்லை.

கீழே கடையில் மிக்ஸி ஓட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு யாரோ ஒரு பையன், அது அவருடைய மகளின் பையாக இருக்கும் என்றான். பக்கத்திலிருந்தவர், மகள் பை என்றால் திறந்திருக்கவே மாட்டார் என்றார். மண்டிக்காரர் இரண்டு பேரையும் மறித்தார். அண்ணாச்சி எழப் போனவர், என்ன நினைத்தாரோ, என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து, தன் முறைக்குக் காத்திருந்தார். பழைய ஒழுங்கு அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. நான் ஒருவரையும் திருத்தவில்லை, தலையைக்கூட ஆட்டவில்லை. கடைசியில் அண்ணாச்சியும் பேசி முடித்துவிட்டு, "இன்னைக்கு மேடம்தான் சீனியர். மேடம் லாஸ்ட்" என்றார்.

இத்தனை வருடத்தில் என்னை யாரும் கேட்டதில்லை. நான் சொன்னேன். எனக்கும் ஆஸ்பத்திரி நடையில் இப்படி ஒரு பையோடு நிற்க வேண்டி வந்தது, நான் திறக்கவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார்கள். அது அவளுடைய பை. நான் திறக்காமல் வைத்திருந்தால் அதைத் திறக்க அவள் வெளியே வருவாள், அதனால்தான் என்றேன். ஆங்கிலத்தில் சொன்னதால் சொல்ல முடிந்தது. தமிழில் சொல்லியிருந்தால் உடைந்து போயிருப்பேன். எல்லோருக்கும் அது நீ என்று தெரியும், தலையைக் குனிந்துகொண்டார்கள். இனி "ஐ அக்ரீ வித் மேடம்" வரும், அதோடு மூடிவிடலாம் என்று நினைத்தேன்.

வாசலோரம் உட்கார்ந்திருந்த முத்துலட்சுமி எழுந்தாள். செங்கோட்டைப் பக்கத்துப் பெண். இங்கே ஒரு ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ். சேர்ந்ததிலிருந்து வருகைப் பதிவுக்கு மட்டும் வாய் திறந்தவள். "மேடம், ஐ டோண்ட் அக்ரீ" என்றாள்.

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. மேடம், பையை வைத்திருப்பவர் பயத்தோடு நிற்கிறார், உண்மைதான். ஆனால் போன் செய்கிறவரும் பயத்தோடுதான் எங்கேயோ நிற்கிறார். அவருக்கு அருவியும் தெரியாது, கதவும் தெரியாது. வார்டில் இந்தப் போன்களை நான் தினம் பார்க்கிறேன். யாராவது எடுத்து, இன்னும் உள்ளேதான் இருக்காங்க, வந்துருவாங்க என்று சொன்னால் போதும். நீங்கள் எடுத்திருக்க வேண்டும் மேடம். அவ்வளவும் சொல்லிவிட்டு "சாரி மேடம்" என்று சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவள் சொன்னதுதான் சரி. பஸ்ஸில் வந்துகொண்டிருந்த உன் வீட்டுக்காரரை அன்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் அதைவிட, அவள் எழுந்து நின்றாளே, அதை நீ பார்த்திருக்க வேண்டும். ஜன்னல் கட்டையிலிருந்து குதித்து இறங்கியிருப்பாய். நீ இல்லையே என்று அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது? எழுந்து நின்று அவளுக்குக் கைதட்டினேன். அண்ணாச்சிதான் அடுத்துத் தட்டினார்.

தயாராக வைத்திருந்த பேச்சைப் பேச மறந்துவிட்டேன். மறந்தேன் என்றுதான் வைத்துக்கொள்ளேன். ஆனால் உன் வீட்டுக்காரரிடம் வாக்குக் கொடுத்தாயிற்றே என்று வேட்டியை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டேன். காலையில் முத்துலட்சுமி, நாளைக்குப் பத்து மணிக்குத்தானே மேடம் என்று கேட்டு அனுப்பியிருந்தாள். இன்னும் பதில் போடவில்லை. இனிமேலும் அலுப்பாகத்தான் இருக்கும். அந்தப் படி அப்படியேதான் இருக்கும், முழங்காலும்தான். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு காரியம். ஒரு மங்குஸ்தான் உரிக்கிற நேரம் வாயை மூடிக்கொண்டு இருப்பது. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு இவ்வளவு காலமும், இவ்வளவு அசதியும், நீ இல்லாமல் போனதும் தேவைப்பட்டிருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. உன் வீட்டுக்காரர். முதல் மணியிலேயே எடுத்தேன்.

"டீச்சர், நல்லாருக்கீங்களா? வேட்டி தாரேன்னு சொன்னீங்க. அவசரம் ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன்."

"காயல அண்ணே. இந்தச் சாரல்ல எங்க காயுது?"

"அதுஞ்சரிதான்."

வழக்கமாக இந்த இடத்தில் நான் எதையாவது சொல்லி நிரப்பியிருப்பேன். வகுப்பைப் பற்றி, முழங்காலைப் பற்றி, இஸ்திரி போடுகிறவரைப் பற்றி. ஒன்றும் சொல்லவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். அந்தப் பக்கத்தில் அவர் மூச்சு விடுவது கேட்டது. ஒரு தடவை தொண்டையைச் செருமினார். நான் காத்திருந்தேன்.

"டீச்சர்," என்றார் கடைசியில், "பழையபடி வகுப்புலயே கட்டிப் போடுங்க. ஃபேன் காத்துல காயட்டும்."